மூன்றாம் தந்தியில் ஒரு படி: மயிலாப்பூர் கிட்டார் வகுப்பு

மயிலாப்பூரில் ஒரு மாடிவீட்டில் ஞாயிறு காலைகளில் நடக்கும் கிட்டார் வகுப்பில், கார்டுகளில் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளில்) ஒரு வகையான ஆக்மென்டட் கார்டுகளுக்கென்றே ஒதுக்கிய நான்கு வாரப் பாடத்தை அண்மையில் முடித்தேன். மேஜர், மைனர் கார்டுகளைத் தடுமாறாமல் மாற்றத் தெரிந்தவர்கள் தயங்காமல் சேரலாம். பாடத்தோடு தரும் கையேட்டை மட்டும் நம்ப வேண்டாம்.

முதல் நாளே ஆசிரியர் எங்களை ஸி மேஜர் வாசிக்கச் சொல்லி, மெல்லிய தந்தியிலிருந்து எண்ணினால் வரும் மூன்றாம் தந்தியில் மட்டும் காதை வைக்கச் சொன்னார். ஸி மேஜரில் அது விரல் படாத திறந்த தந்தியாக ஒலிக்கிறது. அதையே முதல் ஃப்ரெட்டில் (கழுத்தில் அரைஸ்வரத்துக்கு ஒன்றாகப் பதித்த உலோகக் கோடு) அழுத்தினால் ஸி ஆக்மென்டட். இரண்டாம் ஃப்ரெட்டுக்கு ஏறி, நான்காம் தந்தியையும் ஒரு ஃப்ரெட் உயர்த்தி, முதல் தந்தியை மீட்டாமல் விட்டால் எஃப் மேஜர். ஸியை ஷட்ஜமாகக் கொண்டால், பஞ்சமம் சுத்த தைவதத்தைத் தொட்டுச் சதுச்ருதி தைவதத்துக்குப் போகிறது. சிறுவயதில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை பாடியவன் நான். அந்த ராகத்தின் ஷட்ஜம், காந்தாரம், தைவதம் மூன்றையும் ஒன்றாக ஒலித்தால் கிடைப்பதே இந்தக் கார்டு என்று புரிந்தபோது உடல் சிலிர்த்தது.

சுட்டு விரலைப் படுக்கவைத்து இரண்டாம், மூன்றாம் தந்திகளைச் சேர்த்து அழுத்தும்போது முதல் தந்தி அடைபட்டுப்போவது எல்லோருக்கும் நேர்ந்தது. முதல் தந்தியை விட்டுவிட்டு, நான்கு, மூன்று, இரண்டாம் தந்திகளை மட்டும் மீட்டச் சொன்னார். கார்டின் மூன்று ஸ்வரங்களும் அவற்றிலேயே இருக்கின்றன. அதே விரல் அமைப்பை நான்கு ஃப்ரெட் மேலே நகர்த்தினால், வரிசை மாறி அதே மூன்று ஸ்வரங்கள் வருகின்றன. ஸ்வரங்களுக்கிடையே உள்ள தூரம் எங்கும் நான்கு அரைஸ்வரமாக இருப்பதால், பன்னிரண்டு பெயர்கள் இருந்தாலும் உண்மையில் வெவ்வேறான ஆக்மென்டட் கார்டுகள் நான்கே.

கையேடோ பன்னிரண்டையும் தனித்தனிப் படங்களாக அடுக்கி மனப்பாடம் செய்யச் சொல்கிறது. வகுப்பில் ஆசிரியர் திறந்து காட்டியதை அது மூடிவிடுகிறது. அதைத் திருத்தி அச்சிட வேண்டும். ஜி ஆக்மென்டட் ஸி மேஜரில் சென்று அமர்வதற்கும் கடைசி வகுப்பின் இறுதிப் பத்து நிமிடமே கிடைத்தது. நான்காம் தந்தியை ஐந்தாம் ஃப்ரெட்டில் அப்படியே வைத்துக்கொண்டு, நான்காம் ஃப்ரெட்டில் இருக்கும் மற்ற இரு தந்திகளையும் ஒரே ஒரு ஃப்ரெட் ஏற்றினால் போதும். ஒரு முழு வாரம் ஒதுக்கத் தகுந்த பாடம் அது; சேருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.