டிராகுலா மறுவாசிப்பு: பயம் இடம் மாறிவிட்டது

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலைப் பள்ளி நாட்களில் ரத்தம், வௌவால், சவப்பெட்டிக்காகத்தான் படித்தேன். இப்போது திரும்பப் படித்ததில் வயிற்றைப் பிசைந்த இடம், ஒருவன் கடிதம் எழுதும் காட்சி. ஜோனதன் ஹார்க்கர், டிராகுலா வாங்கப்போகும் வீட்டின் பத்திர வேலையாக டிரான்சில்வேனியா மலைக்கோட்டைக்குப் போன இளம் வக்கீல். டிராகுலா அவனிடம் ரொம்பப் பதவிசாக மூன்று கடிதங்கள் எழுதச் சொல்கிறான்: வேலை முடியப்போகிறது, நாளைக் காலை கிளம்புகிறேன், கோட்டையை விட்டு, ஊர் திரும்பும் வழியிலுள்ள பிஸ்ட்ரிட்ஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டேன். என்ன தேதி போடுவது என்று இவன் கேட்க, அவன் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஜூன் 12, 19, 29 என்கிறான். அப்போது மே மாதம்தான். தன் ஆயுள் எந்தத் தேதிவரை என்று ஹார்க்கருக்குப் புரிந்துவிடுகிறது. மேலிடத்தில் நீட்டிய காகிதத்தில் வாய்திறக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்குத்தான் இந்தப் பக்கம் முழுசாக உறைக்கும்.

அப்புறம், அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரன்கூடக் கிடையாது. விருந்தாளிக்குப் படுக்கை போடுவதும் சாப்பாட்டு மேஜையை ஒழுங்குபடுத்துவதும் டிராகுலாவேதான், ஹார்க்கர் அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிடுகிறான். அந்த வயதில் எனக்கு அது தமாஷாக இருந்தது. இப்போது, இவர்கள் இருவரையும் விட்டால் அங்கே வேறு ஆளே இல்லை என்பதுதான் உறைத்தது.

நடுப்பகுதி இழுவைதான். ரத்தக்காட்டேரிகளைப் பற்றித் தெரிந்த டாக்டர் வான் ஹெல்சிங் மூச்சுவிடாமல் பேசுகிறார், டிராகுலாவிடம் கடிபட்ட லூசிக்கு நாலு ஆண்கள் மாறி மாறி ரத்தம் கொடுக்கிறார்கள் (ரத்த வகை என்று ஒன்று இருப்பதே நாவல் வந்து சில வருடம் கழித்துத்தான் தெரியவந்தது, விட்டுவிடலாம்). எரிச்சல் வருவது ஹார்க்கரின் மனைவி மீனா விஷயத்தில். எல்லோருடைய டைரியையும் தட்டச்சு செய்து, தேதிவாரியாக அடுக்கி, ஆண்கள் கையில் கொடுப்பவளே அவள்தான். பெண்ணுக்கு இதெல்லாம் தாங்காது என்று அவளையே ஒதுக்கிவைக்கிறார்கள், டிராகுலா அந்த இரவுகளில் நேராக அவளிடம்தான் வருகிறான்!

சினிமா பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடிலியில் நடமாடுகிறான். ரத்தக்காட்டேரி வெயிலில் அழிந்துபோவதெல்லாம் 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் கைங்கரியம். நாவலில் அவன் சாவு கத்தியால்தான், அதுவும் நாலைந்து வரியில் முடிந்துவிடும், சப்பென்று.

27 அத்தியாயத்துக்கும் பொறுமை இல்லையென்றால் முதல் நான்கையும், டிராகுலாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேடு வரும் ஏழாவதையும் மட்டுமாவது படித்துவிடுங்கள்.