ஹொரைசன்ஸ் சேவை: ஒரு போலி நிலவை வைத்து நடத்திய சோதனை

அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் 1996 முதல் ‘ஹொரைசன்ஸ்’ என்ற இணையச் சேவையை நடத்திவருகிறது. கோள், நிலவு, சிறுகோள், வால்நட்சத்திரம், விண்கலம் என்று எதைக் கேட்டாலும், நாம் குறிப்பிடும் நேரத்தில், நாம் குறிப்பிடும் இடத்திலிருந்து பார்த்தால் அது எங்கே இருக்கும் என்பதை அது எண்களாகக் கணித்துத் தருகிறது. கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. பஞ்சாங்கம் புழங்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் பயனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் திறனைப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது 469219 என்ற எண்ணுடைய கமோஓஅலேவா. 2016 ஏப்ரலில் ஹவாயின் பான்ஸ்டார்ஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த இச்சிறுகோளின் குறுக்களவு 40 முதல் 100 மீட்டருக்குள் இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. 28 நிமிடங்களுக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றிக்கொள்கிறது. சூரியனைச் சுற்றிவர அதற்கும் ஏறத்தாழ ஓராண்டே ஆவதால், புவியை விட்டு விலகாமல் நம்மையும் சுற்றிவருவதுபோலத் தோன்றுகிறது. ஆனால் அது 1.4 கோடி கிலோமீட்டருக்கு உள்ளே நெருங்குவதில்லை. புவியின் ஈர்ப்பு ஒரு பொருளைத் தன் பிடியில் வைத்திருக்கக்கூடிய எல்லையோ சுமார் 15 லட்சம் கிலோமீட்டர்தான். ஆகவே இது நிலவன்று, போலித் துணைக்கோள். 2025 மே மாதம் சீனா ஏவிய தியான்வென்-2 விண்கலம் மாதிரி எடுக்கப் புறப்பட்டது இதை நோக்கித்தான்.

அதே ஆய்வகத்தின் சிறுபொருள் தரவுத்தளத்தில் இதன் சுற்றுப்பாதையை முப்பரிமாணப் படமாகவும் பார்க்கலாம். அரைநெட்டச்சு (நீள்வட்டப் பாதையின் நீளத்தில் பாதி) 1.001 வானியல் அலகு (ஓர் அலகு என்பது சூரியனுக்கும் புவிக்கும் இடையிலான சராசரித் தொலைவு), மையத்தொலைத்தகவு (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பது) சுமார் 0.1, புவியின் பாதைத் தளத்துக்குச் சாய்வு 7.8 பாகை என்று பட்டியல் சொல்கிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதையும் அச்சிட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. படத்தின் கதை வேறு. சூரியனையும் சிறுகோளையும் மட்டும் கணக்கில் எடுக்கும் இருபொருள் முறையில் அது வரையப்படுவதால், நீண்ட காலக் கணிப்புக்கு உதவாது. புவியின் பாதையோடு பின்னிக் கிடக்கும் ஒரு நீள்வட்டம் கண்ணுக்குத் தெரியும்; அது ஏன் போலித் துணைக்கோள் என்பது தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளவே ஹொரைசன்ஸுக்கு வந்தேன். மையமாகப் புவியைத் தேர்ந்து, ஐந்து நாளுக்கு ஒரு வரி வீதம் ஓராண்டுக்கான திசையன் அட்டவணையை (பொருளின் இருப்பிடத்தை மூன்று அச்சுகளின் வழியே எண்களாகச் சொல்வது) கேட்டதும், நீண்ட தலைப்புக் குறிப்புகளுக்குப் பிறகு இரட்டை டாலர் குறியிட்ட இரண்டு வரிகளுக்கு நடுவே எண்கள் வந்து விழுந்தன. எக்செல்லில் வரைந்து பார்த்தபோதுதான் ஏமாற்றம்: சுழி ஒன்று வந்தது, ஆனால் புவி அதற்குள் இல்லை, வெளியே நின்றது. தவறு என்னுடையது. அட்டவணையின் அச்சுகள் விண்மீன்களை ஒட்டி அசையாமல் நிற்பவை. நாம் ‘நம்மைச் சுற்றுகிறது’ என்பதோ சூரியனையும் புவியையும் இணைக்கும் கோட்டோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே பார்க்கும் பார்வை. அதே நாள்களுக்குச் சூரியனின் நிலையையும் வாங்கி, அதன் கோணத்தின் அளவுக்கு ஒவ்வொரு புள்ளியையும் திருப்பிப் போட்டவுடன், புவியை உள்ளே வைத்துப் பின்னோக்கிச் சுற்றும் நீண்ட வளையம் திரையில் எழுந்தது. அதன் முனைகள் சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தவும் கூடாது, ஏனெனில் ஆண்டுதோறும் அது சற்று முந்தியும் பிந்தியும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இவ்வளவு துல்லியமான சேவை, பயன்படுத்துபவரைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. வானில் பார்க்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணை உலக நேரத்தில் வருகிறது. திசையன் அட்டவணையோ, வேறு கேட்காவிட்டால், அதிலிருந்து சுமார் 69 நொடி வேறுபட்ட கோளியக்க நேரத்தில் (கோள்களின் இயக்கத்தைக் கணிக்கப் பயன்படும் சீரான நேர அளவு) வருகிறது. கமோஓஅலேவாவின் தொலைவில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. 2029 ஏப்ரல் 13 அன்று நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் நம்மைக் கடக்கவிருக்கும் அபோபிஸ் என்ற சிறுகோளுக்கு அது ஏறக்குறைய 500 கிலோமீட்டர் பிழை. நேர அளவின் பெயர் தலைப்புக் குறிப்பிலேயே இருக்கிறது. படிக்காமல் எண்களுக்குத் தாவுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

பார்க்கும் இடமாகக் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தை அதன் எண்ணான 220 கொண்டே தேர்ந்துகொள்ளலாம். அப்படிக் கேட்டால் ஒளிர்வு நிரலையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள்: மிகப் பிரகாசமாக இருக்கும் ஏப்ரலிலும் கமோஓஅலேவா 23.5 என்ற ஒளிப்பருமன் அளவிலேயே (எண் கூடக்கூட ஒளி மங்கல்) நிற்கும் என்பதால், மொட்டைமாடித் தொலைநோக்கிக்கு வேலையில்லை.