வயிற்று பெல்ட்: நடக்கும்போது சரி, உட்கார்ந்தால் தொல்லை

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வருபவர்கள் வயிற்று பெல்ட் வாங்கலாமா? வாங்கலாம். ஆனால் அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்து வாங்குங்கள்.

எனக்கு நடந்தது லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கியிருந்த 'சாக்லேட் கட்டி'யை எடுத்து, குடலோடு ஒட்டிக்கிடந்த திசுவையும் பிரித்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் தொப்புளில் ஒன்று, அடிவயிற்றில் மூன்று, சின்னச் சின்னத் தையல்கள். "இவ்வளவுதானா?" என்றார்கள் பார்க்க வந்தவர்கள். உள்ளே எங்கெல்லாம் கத்தி பட்டிருக்கிறது என்பது இருமினால்தான் தெரியும். பெல்ட் கட்டாயமில்லை, போட்டால் இதமாக இருந்தால் போட்டுக்கொள் என்றார் டாக்டர்.

நான் வாங்கியது தில்லைநகர் சர்ஜிக்கல் கடையில், பட்டையான எலாஸ்டிக்கை மூன்று வரிசையாகத் தைத்து முன்பக்கம் வெல்க்ரோ வைத்த சாதாரண ரகம். விலை 400 ரூபாய் சொச்சம். அளவுக்கு சுடிதார் சைஸைச் சொல்லாதீர்கள். டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி அளந்து, வீக்கத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள்; ஊருக்கு முன்னால் வயிறு நிற்கும்.

இது நன்றாக உழைத்தது இரண்டு இடத்தில். ஒன்று, நடக்கும்போது. வயிறு தனியாகக் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கூனிக்கொண்டு நடந்தவள், இதைப் போட்டதும் நிமிர்ந்தேன். இன்னொன்று, இருமல் தும்மல். அம்மா ரசத்துக்கு மிளகாய் வற்றல் தாளித்தால் எங்கள் வீட்டில் யாரும் தும்மாமல் தப்ப முடியாது. பெல்ட்டின் மேல் ஒரு சின்னத் தலையணையையும் அணைத்துப் பிடித்துக்கொண்டால் தையல் இடத்தில் சுரீர் என்று இழுப்பது பாதியாகக் குறைகிறது.

தோள்பட்டை வலிக்கு மட்டும் இதனால் எந்தப் பயனும் இல்லை. மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் வந்து உட்காரும். முதல் சில நாள் தையலைவிட அதுதான் என்னைப் படுத்தியது. வெந்நீர்ப் பையைத் தோளில் வைத்ததும், வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்ததும்தான் கைகொடுத்தன. வெந்நீர்ப் பையை வயிற்றுத் தையல் பக்கம் கொண்டுபோகாதீர்கள்; அங்கே மரத்துப்போயிருந்தால் சுட்டாலும் உறைக்காது.

இனி குறைகள். உட்கார்ந்தால் கீழ் ஓரம் சுருண்டு, சரியாக அடிவயிற்றுத் தையலில் போய் உரசும். வெல்க்ரோ நைட்டி லேஸை ஒரே வாரத்தில் பிய்த்துவிட்டது. திருச்சி வெயிலில் உள்ளே வேர்த்துக் கொட்டும், தையலோ ஈரமில்லாமல் இருக்கவேண்டும். அதனால் பருத்தி பனியனுக்கு மேலேதான் போட்டேன், படுக்கும்போதும் சாப்பிடும்போதும் கழற்றிவிட்டேன். துவைத்தால் நிழலில்தான் காயப்போடவேண்டும், ஒரு நாள் ஆகிவிடும்.

பெல்ட் காயும் நாட்களில் அம்மா தன் பழைய நூல் புடவையைக் கிழித்துக் கட்டிவிட்டாள், பிரசவத்துக்குக் கட்டுவதுபோல. காற்றோட்டத்துக்கு அதற்கு ஈடு கிடையாது. ஆனால் கட்டிவிட ஆள் வேண்டும், சமையலறைக்குப் போய்வருவதற்குள் தளர்ந்துவிடும். கட்டைப் பார்த்த கீழ்வீட்டு அக்கா "என்ன குழந்தை?" என்று கேட்டது தனிக்கதை.

டப்பாவில் 'தொப்பை குறையும்' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி இறுக்கிக் கட்டவேண்டாம்; மூச்சை இழுத்து விட இடம் இருக்கவேண்டும். காய்ச்சல் அடித்தாலோ, தையல் சிவந்து நீர் கசிந்தாலோ பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு டாக்டருக்கு போன் போடுங்கள்.

அகலம் 8 இன்ச், 10 இன்ச் என்று வரும். என்னைப்போல் குட்டையானவர்களுக்கு 8 போதும். கடையிலேயே 10 இன்ச்சைக் கட்டி உட்கார்ந்து பார்த்தேன், மேல் ஓரம் விலாவில் குத்தியது.