அரச ஆரம்பப் பாடசாலையா, சர்வதேசப் பாடசாலையா?

தரம் 1 சேர்க்கை நெருங்கினால் கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெற்றோருக்கு இதே பேச்சுத்தான். அரச பாடசாலையில் பாடநூலும் சீருடைத் துணியும் இலவசம். பிள்ளை தமிழைத் திருத்தமாக எழுதக் கற்கிறது. நெரிசலான வகுப்பும் கழிப்பறையும் ஓயாத ‘அன்பளிப்பு’க் கோரிக்கைகளும் எரிச்சலூட்டும். அவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைதான் பத்து வயதுப் பிள்ளையைப் பின்னேர டியூஷனுக்குத் துரத்துகிறது. (துரத்துவதில் பெற்றோரான நமக்கும் பங்குண்டு.)

சர்வதேசப் பாடசாலையில் அந்தச் சுமை இல்லை, ஆங்கிலமும் சரளமாக வரும். ஆனால் அவை கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அதனால் அரச பாடசாலைகளைக் கவனிக்கும் வலயக் கல்வி அலுவலகத்தில் முறையிட்டுப் பயனில்லை. தவணைக் கட்டணம் ஏறினால் கட்டத்தான் வேண்டும். தமிழோ பல இடங்களில் பெயரளவுக்கு ஒரு பாடம். கையில் பணம் இருந்தாலும், நடந்து போகும் தூரத்தில் அரச பாடசாலை கிடைத்தால் தரம் 5 வரை அங்கேதான் சேர்ப்பேன்.