வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடை: துணியில் குறை இல்லை, விலைச்சீட்டுத்தான் இல்லை

அவசரமாகத் தேடுபவர்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன். சாறி, பிளவுஸ் துணி, வேட்டி எடுக்க வேண்டுமென்றால் தாராளமாகப் போகலாம், ரெடிமேட் உடுப்புக்குப் போக வேண்டாம், அதில் தெரிவு குறைவு, போட்டுப் பார்க்க இடமும் இல்லை. கொழும்பில் காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தைக்குக் கிட்ட இருக்கிறது, கீழே சாறிகள், மேல் மாடியில் துணிச் சுருள்கள். பெயரைப் போட வேண்டாம் என்று முதலாளி ஐயா கேட்டுக்கொண்டார், அதனால் விடுகிறேன்.

நாங்கள் போனது அக்காவின் மகளின் கல்யாணத்துக்காக. மணப்பெண்ணின் கூறைச் சாறியை அக்கா சென்னைக்குப் போய் தி.நகரில் எடுத்து வந்துவிட்டார், எங்கள் ஆட்களில் வசதி உள்ளவர்கள் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள், டிக்கெட் காசைச் சேர்த்துப் பார்த்தாலும் கட்டுப்படியாகிறது என்கிறார்கள். மிச்சமாக இருந்தது சொந்தக்காரருக்குக் கொடுக்கும் சாறிகளும், கூறைக்குப் பொருத்தமான பிளவுஸ் துணியும். கூறையோடு வந்த துணி நீளக் கை வைத்துத் தைக்கப் போதவில்லை. நிறமும் இலேசில் பொருத்தக்கூடிய நிறம் இல்லை, வீட்டுக்குள் அரக்கு, வெயிலில் பிடித்தால் கத்தரிப்பூச் சாயல் அடிக்கிறது. வேறு பெரிய கடைகளில் ஏதோ ஒரு அரக்கை எடுத்துப் போட்டு, இது சரியாக வரும் அக்கா, தைத்தால் தெரியாது என்றார்கள்.

இந்தக் கடையில் வேலைக்கு நின்ற பிள்ளை கூறையின் முந்தானையை வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு மேலே ஏறிச் சுருள் சுருளாக இறக்கினாள், ஒவ்வொன்றையும் மறுபடி வாசலில் வைத்துப் பார்த்தாள், கடைசியில் முதலாளி ஐயா எழும்பி வந்து என்னிடம், "இதுகளில் ஒன்றும் சரிவராது பிள்ளை, இதைத் தந்து காசு வாங்க எனக்கு மனம் இல்லை, இரண்டு நாள் பொறுங்கோ, புறக்கோட்டையில் தேடிப் பார்க்கிறேன்" என்றார். சொன்னபடி அங்கே மொத்தத் துணிக் கடைகள் உள்ள கெய்சர் வீதிப் பக்கம் ஆள் அனுப்பித் தேடி எடுத்தும் தந்தார். மணவறையில் எடுத்த படங்களில் பிளவுஸும் கூறையும் ஒரே தறியில் நெய்தது போல இருக்கின்றன. அந்த வேலைக்கு அவர் தனியாக ஒரு சதம்கூட எடுக்கவில்லை, துணிக்கு மட்டும்தான் பில் போட்டார்.

சொந்தக்காரருக்கு எடுத்தது தமிழ்நாட்டில் இளம்பிள்ளை என்ற ஊரில் நெய்யும் சொஃப்ட் சில்க். ஒன்று 8,500 ரூபாய், மொத்தமாக எடுத்ததால் கொஞ்சம் குறைத்தார்கள். அதே மாதிரிச் சாறி ஒன்லைனில் ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடையில் ஃபோல்ஸ் அடித்து ஓரம் தைத்துத் தருவது அந்த விலைக்குள்ளேயே வருகிறது, பில்லோடு ஏழு நாளுக்குள் கொண்டுபோனால் மாற்றியும் தருகிறார்கள். போன வருடம் ஒரு முகநூல் பக்கத்தில் லைவில் பார்த்து எடுத்த சாறி வேறு நிறத்தில் வந்து சேர்ந்தது, கேட்டதற்குப் பதிலே இல்லை. அந்த ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை நான் இப்போது வேறு மாதிரித்தான் கணக்குப் பார்க்கிறேன்.

சரி, குறைகள். பெரிய குறை விலைச்சீட்டு. ஒரு சாறியிலும் விலை ஒட்டவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும், கேட்டால் ஒரு விலை, யோசித்தால் இன்னொரு விலை. எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவுக்குச் சொன்ன விலையும் எனக்குச் சொன்ன விலையும் வேறு வேறு. பேரம் பேசத் தெரிந்த என் அம்மாவின் தலைமுறைக்கு இது பிரச்சினை இல்லை, ஆனால் இருபத்தைந்து வயதுப் பிள்ளை இதைப் பார்த்தால் தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைக்கும், அடுத்த தரம் வன் கோல் ஃபேஸ் மாலுக்குப் போய்விடும், அங்கே குளிரூட்டியும் உண்டு, சீட்டில் விலையும் உண்டு. இதை நான் ஐயாவிடம் நேரடியாகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை, தேத்தண்ணீர் எடுப்பித்து உட்காரச் சொன்னார், பேச்சு நீண்டது.

83 ஜூலைக் கலவரத்தில் எரிந்து மறுபடி கட்டிய கடை அது. அதற்குப் பிறகு கொரோனாவில் பூட்டிக் கிடந்ததையும் தாங்கியது. ஐயா அதிகம் பேசியது 2022ஐப் பற்றி. டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டபோது, பழைய விலைக்கு விற்ற சாறியின் காசில் புதுச் சாறி வாங்க முடியாமல் போனது, விற்க விற்க ராக்கை வெறுமையானது. வற் எனும் பெறுமதி சேர் வரி அந்த ஆண்டு 8 வீதத்திலிருந்து 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18. வற் வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய ஆண்டு வியாபார அளவையும் அப்போதே 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடிக்கு இறக்கினார்கள். பதிவில்லாத சின்னக் கடை என்றால் வரி இல்லை என்று நாங்கள் நினைக்கிறோம், ஆனால் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதே அந்த வரி விலைக்குள் வந்துவிடுகிறது, பதிவில்லாதவர் அதைத் திரும்பக் கழிக்கவும் முடியாது. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம் கூடியது. பிறகு குறைத்தார்கள்தான், 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது, ஆனால் அதற்குள் மேல் மாடியில் ஏசியை நிறுத்தியவர் இன்னும் போடவில்லை. மேலே வியர்த்துக் கொட்டுகிறது, விசிறி போதாது. இதுவும் ஒரு குறைதான்.

ஆள் பிரச்சினை வேறு. முன்பு மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலைப் பக்கமிருந்து பெடியன்கள் வந்து கடையிலேயே தங்கி வேலை பழகினார்கள், இப்போது அவர்கள் கட்டாருக்கும் துபாய்க்கும் போகிறார்கள், நல்ல சம்பளம் கிடைத்தால் யார்தான் போகமாட்டார்கள். நிறம் பார்க்கத் தெரிந்த அந்த ஒரு பிள்ளையும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஐயா கவலைப்பட்டார். நியாயமான கவலை.

என் மச்சாள் அயர்லாந்தில் ஒரு சின்ன நகரத்தில் இருக்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது, எங்கள் மெயின் ஸ்ட்ரீட்டும் இப்படித்தான் என்றாள். சனங்கள் நகரத்துக்கு வெளியே கார் நிறுத்த இடமுள்ள பெரிய கடைகளுக்குப் போகிறார்கள், இல்லாவிட்டால் டப்ளினுக்கு ஓடுகிறார்கள், நடுவில் இருக்கும் கடைக்காரர் கவுன்டி கவுன்சிலுக்கு வருடா வருடம் கட்டட வரி கட்டிக்கொண்டு நிற்கிறார். அங்கே பெரியவர்கள் உடுப்புக்கு வற் 23 வீதம், சின்னப் பிள்ளைகளின் உடுப்புக்கும் சப்பாத்துக்கும் மட்டும் வரி கிடையாது. அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. எங்கள் ஊரிலும் பிள்ளைகளின் பள்ளிச் சட்டைத்துணிக்காவது அப்படி ஒன்று வந்தால் எத்தனை வீட்டுக்கு உதவியாக இருக்கும்.

நாங்கள் இருந்த நேரத்திலேயே இரண்டு பேர் வந்து பத்துப் பதினைந்து சாறியை விரிக்க வைத்து, தொட்டுப் பார்த்து, படம் எடுத்து, ஒன்லைனில் இதைவிடக் குறைவு என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்கவே பேசிக்கொண்டு போனார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி மடித்தாள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாங்காவிட்டால் பரவாயில்லை, ஆனால் வாங்கும் எண்ணமே இல்லாமல் ஒருவரை அரை மணி நேரம் வேலை வாங்குவது சரியில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கார் கொண்டுபோக வேண்டாம், நிறுத்த இடம் தேடியே அலுத்துவிடுவீர்கள். 100 அல்லது 101 பஸ்ஸில் சந்தையடியில் இறங்கலாம், ரயிலில் வந்தாலும் நடக்கும் தூரம்தான். நிறம் பொருத்த வேண்டுமென்றால் படத்தைக் காட்டாமல் சாறியையே கொண்டுபோங்கள், மாலையில் போகாமல் காலையில் போங்கள், அப்போதுதான் வாசல் வெளிச்சம் சரியாக இருக்கும். காசைத் திருப்பித் தரமாட்டார்கள், மாற்றித்தான் தருவார்கள். விரிப்பதற்கு முன்பே கடைசி விலை என்ன என்று கேளுங்கள். விலைச்சீட்டு ஒட்டச் சொல்லியும் எல்லோரும் கேளுங்கள், என் ஒருத்தியின் பேச்சுக்கு ஐயா பார்க்கலாம் பிள்ளை என்றுதான் சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு முந்திய கிழமை மட்டும் போக வேண்டாம், அந்த நெரிசலில் அந்தப் பிள்ளைக்கே நிறம் பார்க்க நேரம் இருக்காது.