மலைக்கோட்டை அருகே ஒரு கடிகாரப் பட்டறை

திருச்சி மலைக்கோட்டையை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், ஒரு மேசையும் கண்ணாடிப் பெட்டியும் மட்டுமே கொள்ளும் இடத்தில் இயங்கும் கடிகாரப் பழுதுபார்ப்புக் கடை இது.

என் தந்தையார் விட்டுச்சென்ற எச்.எம்.டி. ஜனதா, சாவி கொடுத்து ஓடும், தேய்மானத்தைக் குறைக்க உள்ளே 17 சிறு கற்கள் பதித்த கடிகாரம், திடீரென்று நாளொன்றுக்கு இருபது நிமிடம் முந்தத் தொடங்கியது. பளபளப்பான கடை ஒன்றில் காட்டியபோது, உள்ளிருக்கும் இயந்திரத்தையே மாற்றவேண்டும் என்று கூறி 2,800 ரூபாய் கேட்டார்கள். எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-இல் முடிவெடுத்த பிறகு அசல் உதிரிபாகங்கள் அரிதாகிவிட்டதால், நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு தேய்ந்த ஒன்றை மாட்டிக் கொடுத்தாலும் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே யோசித்துவிட்டு, தந்தையார் வழக்கமாகச் செல்லும் இந்தக் கடைக்கு எடுத்துச் சென்றேன்.

கடைக்காரப் பெரியவர் முதலில் கடிகாரத்தைத் திறக்கவே இல்லை. மேசையிலிருந்த சிறிய திசைகாட்டியின் அருகே அதைக் கொண்டுசென்றார், முள் துள்ளியது. ஒலிபெருக்கி போன்ற ஏதோ ஒன்றின் அருகே வைத்ததால் காந்தம் ஏறி, மயிரிழை போன்ற சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, வில்லின் நீளம் குறைந்து கடிகாரம் விரைந்திருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியில் சில நொடிகள் வைத்து எடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. கூலி ஐம்பது ரூபாய்.

வந்ததுதான் வந்தோம், முழுவதும் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெயும் இட்டுவிடுங்கள் என்றேன். அவர் பின்மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தைப் பூதக்கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னார். ஊசியால் கீறிய மூன்று தேதிகள் இருந்தன: 1994, 2007, 2023. அணிபவர் ஒருபோதும் காணாத இடத்தில், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் அவரே இட்ட குறிகள் அவை. "எண்ணெய் இன்னும் காயலை தம்பி. ரெண்டு வருஷம் போகட்டும், அப்ப கொண்டாங்க" என்று மூடியை அழுத்திப் பொருத்தினார்.

அலாரம் கடிகாரங்களைத் துடைக்கும் பையனாக இத்தொழிலுக்கு வந்ததாகவும், பேட்டரிக் கடிகாரங்கள் பெருகியபோது உடனிருந்த பலர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டதாகவும் பேச்சினூடே கூறினார். வரும் வேலையைத் திருப்பி அனுப்பும் ஒருவர் எப்படி நாற்பது ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்தார் என்பதற்கு விடை, அவருடைய கண்ணாடிப் பெட்டியில் பெயர்ச்சீட்டுகளுடன் காத்திருந்த கடிகாரங்களின் எண்ணிக்கையிலேயே இருந்தது; சீட்டுகளில் தஞ்சாவூர், கரூர் என்று வெளியூர்களும் தென்பட்டன.

குறைகளும் உண்டு. உட்கார நாற்காலி கிடையாது. முழுச் சுத்தம் என்றால் மூன்று வாரம் ஆகும், அவசரப்படுத்தினால் கடிகாரத்தைத் திருப்பித் தந்துவிடுவார். கைப்பேசியில் பணம் செலுத்தவும் வழியில்லை.

புறப்படும்போது, இன்றைய தேதியையும் கீறிவிடலாமே என்று கேட்டேன். காந்தம் எடுத்ததெல்லாம் வேலைக் கணக்கில் வராதாம்.