‘நேர் பஸ்’ என்று விற்கும் டிக்கெட்: பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏமாற வேண்டாம்

பெட்டியும் பையும் இடுப்பில் குழந்தையுமாக வரும் குடும்பத்தைப் பஸ் நிலையத் தரகர்கள் தூரத்திலேயே கண்டுகொள்கிறார்கள். "அந்த பஸ் ஃபுல்லாயிடுச்சு, இது நேர் பஸ்தான், எங்கேயும் மாற வேண்டாம்" என்பதுதான் முதல் பேச்சு. பணம் கொடுத்து ஏறினால், நடுராத்திரியில் ஏதோ ஒரு கூட்டுரோட்டில் எழுப்பி இறக்கிவிட்டு, பின்னால் வருகிற வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த வண்டியிலோ இந்த டிக்கெட் செல்லாது. தூக்கம் கலைந்து அழும் பிள்ளையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாதாட முடியும்? மறுபடி பணம் கட்டத்தான் செய்வார்கள். தரகர் உங்களைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

‘ஃபுல்’ என்றால் நம்பாதீர்கள், கவுன்ட்டரில் நீங்களே போய்க் கேளுங்கள். பணம் கை மாறும் முன் டிக்கெட்டை வாங்கிப் படியுங்கள். வண்டி எண், இருக்கை எண், ஏறும் இடம், இறங்கும் இடம் நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். இறங்கும் இடத்தில் வழியிலுள்ள ஊர் இருந்தால் உங்கள் பணமும் அதுவரைக்கும்தான். "சீட் நம்பர் உள்ளே சொல்வாங்க" என்றால் சீட் இல்லை என்றே அர்த்தம்.

"எல்லாரும் ஒண்ணா உட்காரலாம்" என்று கடைசி நீள சீட்டைத் தள்ளிவிடுவது இன்னொரு வழக்கம். அது பின்சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். எஞ்சின் பின்புறம் உள்ள வண்டிகளில் சூடும் சேரும். பல வண்டிகளில் முதுகைச் சாய்க்கவும் முடியாது. பிள்ளைகளுக்கு வாந்தி வருவது அங்கேதான் அதிகம். அதைவிட ஆபத்து அதன் நடு இருக்கை: முன்னால் தடுப்பு எதுவும் இல்லை, பிரேக் போட்டால் குழந்தை நடைவழியில் போய் விழும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட வரிசைகளைக் கேளுங்கள். அவை கிடைக்காவிட்டால், இரண்டிரண்டு பேராகப் பிரிந்து உட்காருவது கடைசி சீட்டைவிட மேல்.

குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம், எந்த வயது வரை அரை டிக்கெட் என்பதைக் கட்டணப் பலகையில் பார்த்துவிட்டு, வயதுச் சான்றின் நகலைக் கையில் வைத்திருங்கள். இலவச வயதுக் குழந்தைக்கு அரை டிக்கெட் கிழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

வழியில் இறக்கிவிட்டால், கீழே லக்கேஜ் அறையிலிருந்து எல்லாப் பைகளும் வெளியே வரும்வரை பெரியவர் ஒருவர் அந்தக் கதவருகிலேயே நிற்க வேண்டும், மற்றவர் பிள்ளைகளோடு சாலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். வண்டி கிளம்புவதற்குள் பதிவு எண், டிக்கெட், நிற்கும் இடம் மூன்றையும் போட்டோ எடுங்கள். இரண்டாவது வண்டியில் கட்டும் காசுக்கும் டிக்கெட் கேட்டு வாங்குங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டுப் புகார் எழுதும்போது இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே இணைக்க வேண்டும்.